தெரிந்ததை வாசலில் விட்டுவிட்டு வர முடியுமா?

போன வருஷம் நான்கு மாதம், சனிக்கிழமை காலைகளில் ஒரு துணிக்கலை வகுப்புக்குப் போனேன். பெரியவர்களுக்கான வகுப்பு. நெசவு, பூத்தையல், துணி ஒட்டுவேலை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். பன்னிரண்டு பேர் சேர்ந்திருந்தோம். இருபது வருஷமாகக் கீபோர்டைத் தவிர வேறெதையும் உருப்படியாகக் கையாளாத ஆள் நான். ஊசியில் நூல் கோக்கவே கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருந்தது.

முதல் நாள் டீச்சர் சொன்ன முதல் வாக்கியம் இது: "உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சதை எல்லாம் செருப்போட வாசல்லயே விட்டுட்டு வாங்க." எல்லாரும் சிரித்தோம். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. விட்டுவிட்டு வர என்னிடம்தான் ஒன்றுமே இல்லையே!

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். இருபத்தைந்து வருஷமாக வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர். எங்களுக்கு முதல் பயிற்சி: ஊசி, கத்தரி எதுவும் கிடையாது; கிழித்த தாள், சணல், வாழைநார், இவற்றை மட்டும் வைத்து ஒரு பரப்பை உருவாக்க வேண்டும். நான் சின்னப் பிள்ளை மாதிரி விளையாடினேன். அக்காவின் கை மட்டும் ஒவ்வொரு ஓரத்தையும் உள்ளே மடித்து, நகத்தால் நீவி, நேராக்கிக்கொண்டே இருந்தது. டீச்சர் வந்து பார்த்துவிட்டு, "ரொம்ப நீட்டா இருக்குக்கா. கொஞ்சம் லூஸா விடுங்க" என்றார். அடுத்த வாரமும் அதே. நான்காவது வாரம் அக்கா வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

கடைசி நாள் ஒரு சின்ன கண்காட்சி. என் வேலையைக் காட்டி டீச்சர், "ஒண்ணுமே தெரியாம வந்தவர், பாருங்க" என்று எல்லாரிடமும் சொன்னார். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் ஏதோ உறுத்தியது. ஒன்றும் தெரியாத எனக்குப் பாராட்டு. எல்லாம் தெரிந்த அக்கா பாதியில் நின்றுவிட்டார். இது என்ன மாதிரி பாடம்?

டீச்சரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நல்ல டீச்சர், பொறுமையானவர். அவர் சொன்ன அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு நூறு வருஷ வரலாறு இருக்கிறது. அதைத் தேடிப் போனதில் எடுத்த குறிப்புகள்தான் இவை.

பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தவர்

அந்த வரலாற்றின் நடுவில் இருப்பவர் ஆன்னி ஆல்பர்ஸ். 1899இல் பெர்லினில் பிறந்தவர். 1922இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் சேர்ந்தார். அங்கே பெண்களைப் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்குத்தான் தள்ளிவிட்டார்கள். ஆல்பர்ஸ் கேட்டது கண்ணாடிப் பட்டறை, கிடைத்தது தறி. நூல் என்பது பெண்பிள்ளை சமாச்சாரம் என்ற எண்ணம் ஆரம்பத்தில் அவருக்கே இருந்திருக்கிறது.

அந்தப் பட்டறையில் நெசவு நுட்பத்தை ஒழுங்காகச் சொல்லித்தர ஆள் இல்லை. மாணவிகள் தறியில் உட்கார்ந்து, தப்பு செய்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள். பின்னாளில் பட்டறையின் தலைவியான குண்டா ஷ்டோல்ட்ஸலே சாயம், நெசவு இரண்டையும் க்ரேஃபெல்ட் நகரத்துக்குப் போய்த்தான் படித்துவிட்டு வந்தார். மரபு தெரியாமல் ஆரம்பித்ததால்தான் புதுசாக யோசிக்க முடிந்தது என்று ஆல்பர்ஸ் பிற்பாடு எழுதினார். அதாவது, ஆசிரியர் இல்லாத ஒரு குறையை அவர் கற்பிக்கும் முறையாகவே மாற்றிவிட்டார்.

1933இல் நாஜிகளின் நெருக்கடியில் பௌஹவுஸ் மூடப்பட்டது. ஆன்னியும் கணவர் யோசஃப் ஆல்பர்ஸும் அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் அப்போதுதான் தொடங்கியிருந்த பிளாக் மவுண்டன் கல்லூரிக்குப் போனார்கள். அங்கே 1949 வரை ஆன்னி நெசவு சொல்லித்தந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, அரசு உதவித்தொகையில் படிக்க வந்த முன்னாள் போர்வீரர்களும் அந்தக் கல்லூரியில் இருந்தார்கள். உலகத்தைப் பார்த்துவிட்டு வந்த பெரியவர்கள்.

அவர் வகுப்பு எப்படி ஆரம்பிக்கும்? பெருவில் ஒரு பாலைநிலக் கடற்கரையில் இருப்பதாகக் கற்பனை செய்யச் சொல்வார். தறி இல்லை, நூல் இல்லை, எதுவுமே இல்லை. இப்போது துணி என்ற ஒன்றை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்; எங்கிருந்து தொடங்குவீர்கள்? அங்கிருந்து படிப்படியாக, ஒரு முனையை மரத்திலும் மறுமுனையை நெய்பவரின் இடுப்பிலும் கட்டி நெய்யும் தறிக்கு வருவார். பெடல் வைத்த தறியெல்லாம் அதற்கப்புறம்தான்.

கூடவே தொடு உணர்ச்சிக்கான பயிற்சிகள். மக்காச்சோள மணிகளை அடுக்கி, தாளை முறுக்கி, ஊசியால் தாளில் துளைபோட்டு, டைப்ரைட்டரில் எழுத்துகளை வரிசையாக அடித்து, துணி போலத் தோற்றமளிக்கும் பரப்புகளைச் செய்வது. 1965இல் வந்த அவருடைய 'ஆன் வீவிங்' புத்தகத்தில் இப்படிப்பட்ட பயிற்சிகளின் படங்கள் இருக்கின்றன. எங்கள் வகுப்பின் வாழைநார்ப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்று அந்தப் பக்கங்களைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

இந்த முறையின் பலம் சாதாரணமானதல்ல. ஒரே உதாரணம். 1930இல் பௌஹவுஸில் பட்டயம் பெற ஆல்பர்ஸ் சமர்ப்பித்தது, பெர்னாவ் என்ற ஊரில் தொழிற்சங்கப் பள்ளியின் அரங்கத்துக்கான சுவர்த்துணி. முன்பக்கம் செல்லோஃபேன் இழைகள், வெளிச்சத்தைப் பிரதிபலிக்கும். பின்பக்கம் பொசுபொசுவென்ற ஷெனில் நூல், சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஒரே துணி, இரண்டு வேலை. பூ போடுவதா கொடி போடுவதா என்று யோசிக்கிறவருக்கு இது தோன்றாது. 'இந்தப் பொருள் என்ன செய்யும்?' என்று முதலில் கேட்கிறவருக்குத்தான் தோன்றும். 1949இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் ஒரு நெசவுக் கலைஞருக்கு முதல்முறையாகத் தனிக் கண்காட்சி வைத்தது, அது இவருக்குத்தான்.

1941 சண்டை

இந்த முறையை எதிர்த்தவர்கள் அன்றைக்கே இருந்தார்கள். அந்தச் சண்டை நம் விஷயத்துக்கு நேரடியாகப் பொருந்துவது.

மேரி மெய்க்ஸ் அட்வாட்டர் என்று ஒரு அம்மையார். மாண்டானா மாநிலத்தின் ஒரு சுரங்க ஊரில் வாழ்ந்தவர். 1916 வாக்கில் அந்த ஊர்ப் பெண்களுக்கு ஒரு கைவேலை அமையட்டும் என்று தறியைக் கொண்டுவந்தார். பிறகு அஞ்சல்வழியிலேயே நெசவுப் பாடம் நடத்தினார். அமெரிக்கக் குடியேறிகளின் பழைய போர்வைகளில் இருந்த நெசவுக் குறிப்புகளைத் தேடி எடுத்து, யார் வேண்டுமானாலும் வீட்டில் நெய்யும்படி எழுதித் தந்தார். அவருடைய மாணவர்கள் பெரும்பாலும் வீட்டு வேலைகளுக்கு நடுவே தறியில் உட்கார்கிற பெரியவர்கள்.

1941இல் 'தி வீவர்' என்ற பத்திரிகையில் ஆல்பர்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். சமையல் குறிப்பு மாதிரி எழுதிவைத்த பழைய வடிவங்களைத் திரும்பத் திரும்ப நெய்வதால் கைநெசவு வளராது, பொருளோடு நேரடியாகச் சோதனை செய்ய வேண்டும் என்பது அவர் வாதம். அதே ஆண்டு அதே பத்திரிகையில் அட்வாட்டர் பதில் எழுதினார். 'பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் அது கலையா?' என்பது மாதிரி தலைப்பு. வீட்டில் நெய்கிற எல்லோருக்கும் கலைதான் குறிக்கோளாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? நெய்வதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அது போதாதா? இது அவர் பக்கம்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அட்வாட்டர் வழியில் போனால் கற்பவருக்குக் கையில் ஒரு போர்வை மிஞ்சும், ஆனால் குறிப்பு இல்லாவிட்டால் அடுத்த போர்வை வராது. ஆல்பர்ஸ் வழியில் போனால் யோசிக்கத் தெரியும், ஆனால் முதல் சில மாதங்கள் வீட்டுக்கு எடுத்துப்போக ஒன்றும் இருக்காது. இன்றைக்கும் பெரியவர்களுக்கான வகுப்புகள் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கின்றன. ஒருபக்கம் 'கிட்' வகுப்பு: நூல், துணி, அச்சடித்த படம் எல்லாம் ஒரே பையில், சாயங்காலம் பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு ஒரே மாதிரி மயிலோடு வீட்டுக்குப் போவார்கள். இன்னொரு பக்கம் 'எல்லாத்தையும் மறந்துடுங்க' வகுப்பு.

ஆனால் இரண்டு பேருமே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது: வகுப்புக்குள் வருகிறவர் எதைக் கொண்டு வருகிறார்? அட்வாட்டர், குறிப்பைக் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தார். ஆல்பர்ஸ், கையில் இருப்பதைக் கீழே வைக்கச் சொன்னார்.

பூஜ்யம் என்று ஒன்று இல்லை

இங்கேதான் ஆல்பர்ஸோடு எனக்குச் சண்டை.

'ஆன் வீவிங்' புத்தகத்தைப் பழங்காலப் பெருவின் நெசவாளர்களுக்குத்தான் அவர் சமர்ப்பணம் செய்திருக்கிறார், தன் ஆசான்கள் என்று சொல்லி. உண்மையான மரியாதை அது. 1935இலிருந்து மெக்சிகோவுக்கும் பிற லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கும் பலமுறை போய்ப் பழந்துணிகளைத் தேடிச் சேர்த்தவர். ஹாரியட் எங்கெல்ஹார்ட் என்ற முன்னாள் மாணவியின் நினைவாகக் கல்லூரி மாணவர்களுக்கென்றே ஒரு பழந்துணித் தொகுப்பையும் உருவாக்கினார். ஆகவே அவர் மரபை வெறுத்தார் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அந்த ஆசான்கள் யாரும் கடற்கரையில் வெறுங்கையோடு நின்று துணியைக் கண்டுபிடித்தவர்கள் இல்லை. அவர்களுடைய நெசவு பல ஆயிரம் ஆண்டுகளாகக் கைக்குக் கை மாறி வந்தது. இன்றும் பெருவின் மலைக் கிராமங்களில் சிறுமிகள் விரலகல நாடா நெய்வதில் தொடங்கி, பெரியவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, வருஷக்கணக்கில் கற்கிறார்கள். ஆல்பர்ஸ் யாரை ஆசானாக ஏற்றாரோ, அவர்கள் கற்ற முறைக்கு நேர் எதிரான முறையில்தான் கற்பித்தார். அவர் வகுப்பில் மரபு என்பது தொகுப்பில் இருந்த துணி. மாணவரின் விரலில் இருப்பது அல்ல.

இன்னொன்று. ஆல்பர்ஸே பூஜ்யத்திலிருந்து வந்தவரில்லை. பெர்லினில் வசதியான குடும்பம். பௌஹவுஸுக்கு முன்பே ஓவியப் பயிற்சி. தறியைத் தெரியாதே தவிர, நிறத்தையும் வடிவத்தையும் பார்க்கத் தெரிந்த கண்ணோடுதான் தறிமுன் உட்கார்ந்தார். அந்தக் கண்ணை யாரும் வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை.

இதை எழுதும்போதுதான் என் சங்கதியும் உறைத்தது. கண்காட்சியில் பாராட்டு வாங்கிய என் வேலை எது தெரியுமா? பழைய புடவைக் கிழிசலை நாடாவாக்கி, அட்டைச் சட்டத்தில் நெய்தது. நீளவாட்டு நூல் பாவு, குறுக்கே போவது ஊடை. இரண்டு பாவுக்கு மேலே, இரண்டுக்குக் கீழே. அடுத்த வரியில் ஒன்று தள்ளி ஆரம்பிக்க வேண்டும். இதுதான் ட்வில். ஜீன்ஸ் துணியில் சாய்வுக்கோடு தெரிவது இப்படித்தான். நெசவுக்காரர்கள் இதைக் கட்டம் போட்ட தாளில் எழுதுவார்கள்: பாவு மேலே வந்தால் கறுப்புக் கட்டம், கீழே போனால் வெள்ளை. அந்தத் தாளைப் பார்த்த நிமிஷமே எனக்கு அது பூஜ்யமும் ஒன்றுமாகத் தெரிந்தது. ஒரு வரியை நகர்த்தினால் அடுத்த வரி. எட்டு வரி கழித்து நகர்த்தும் திசையைத் திருப்பினால் வளைந்து வளைந்து வரும். மனசுக்குள்ளேயே ஒரு சின்ன புரோகிராம் ஓடியது. நெய்தேன்.

அப்படியானால் 'ஒண்ணுமே தெரியாம வந்தவர்' என்பது பொய். எனக்குத் தெரிந்தது துணிவேலை மாதிரி தெரியாததால், வாசலில் யாரும் தடுக்கவில்லை. கூடவே உள்ளே வந்துவிட்டது. அக்காவுக்குத் தெரிந்தது ஊசியும் நூலும். வெளிப்படையாகத் தெரிகிற அறிவு. அதனால் வாசலிலேயே மாட்டிக்கொண்டது. 'தெரிந்ததை விட்டுவிட்டு வாங்க' என்ற விதி எல்லாருக்கும் பொதுவாகத் தோன்றும். உண்மையில் அது கைவேலை தெரிந்தவர்களிடம் மட்டுமே வசூலிக்கிற கட்டணம். அதைக் கட்டுவது பெரும்பாலும் தையல்காரர்கள், பாட்டியிடம் பின்னல் கற்றவர்கள், தெருமுனை ஆரி ஒர்க் கிளாஸில் படித்துச் சம்பாதிப்பவர்கள்.

மென்பொருள்காரர்களுக்கு இந்த வியாதி நன்றாகத் தெரியும். புது டீமுக்கு வருகிறவர் பழைய கோடைப் பார்த்ததும் சொல்வது, "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு முதல்லருந்து எழுதிடலாம்." நானும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பழைய கோடில் அசிங்கமாகத் தெரிந்த ஒவ்வொரு வரியும், யாரோ ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு ஏதோ ஒரு கோளாறைச் சரிசெய்ததன் தழும்பு என்பது அப்புறம்தான் தெரியும். அக்கா மடித்த ஓரமும் அந்த மாதிரிதான்.

கட்ச் காட்டும் வேறு வழி

சரி, தெரிந்ததோடு உள்ளே வரவிடும் வகுப்பு எங்காவது இருக்கிறதா? குஜராத்தின் கட்ச் பகுதியில் இருக்கிறது.

ஜூடி ஃப்ரேட்டர் அமெரிக்கர். கட்ச் ரபாரிகளின் பூத்தையலை ஆராய்ந்து 1995இல் 'த்ரெட்ஸ் ஆஃப் ஐடென்டிட்டி' என்ற நூலை வெளியிட்டவர். 2005இல் கலா ரக்ஷா வித்யாலயா என்ற பெயரில் கைவினைஞர்களுக்கென்றே ஒரு வடிவமைப்புப் பள்ளியை ஆரம்பித்தார். 2014 முதல் சோமையா கலா வித்யா அந்த வேலையைத் தொடர்ந்தது. மாணவர்கள் ஏற்கெனவே நெசவாளர்கள், பாந்தனி முடிச்சுச் சாயக்காரர்கள், அஜ்ரக் அச்சுக்காரர்கள், பூத்தையல் பெண்கள். பள்ளிப்படிப்பு நிபந்தனை இல்லை. ஒரு வருஷத்தில் ஆறு வகுப்புகள், ஒவ்வொன்றும் இரண்டு வாரம். நடுவில் வீட்டுக்குப் போய் அவரவர் தறியில், சாயத் தொட்டியில் வீட்டுப்பாடம். வேலையையும் வீட்டையும் விட்டு வர முடியாத பெரியவர்களுக்காகப் போட்ட அட்டவணை இது.

நிறமும் அடிப்படை வடிவமைப்பும்தான் ஆரம்பப் பாடங்கள். ஆனால் அவற்றுக்கான மூலப்பொருள் இயற்கையும் அவரவர் மரபுமே. நுட்பத்தை யாரும் சொல்லித்தருவதில்லை. அது மாணவரிடம் இருக்கிறது. பள்ளி தருவது, அதைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கும் ஒரு பார்வை. வெளியிலிருந்து வரும் டிசைனர் வரைந்து தருவதைத் தைத்துக் கொடுக்கும் கூலியாக இல்லாமல், தானே தீர்மானிக்கிறவராக ஆவதுதான் இதில் குறிக்கோள்.

'சூஃப்' என்ற கட்ச் தையலை எடுத்துக்கொள்ளுங்கள். துணியில் எதுவும் வரைய மாட்டார்கள். துணியின் இழைகளை எண்ணி எண்ணி, பின்பக்கத்திலிருந்து தைப்பார்கள். முன்பக்கம் முக்கோணம் முக்கோணமாக வடிவம் எழும். 1971 போரையொட்டி சிந்துவின் தார்பார்க்கர் பகுதியிலிருந்து குடிபெயர்ந்து வந்த குடும்பங்களின் தையல் இது. இந்தப் பெண்ணிடம் போய் 'கொஞ்சம் லூஸா விடுங்க' என்றால் என்ன ஆகும்? எண்ணிக்கை போய்விட்டால் சூஃப்பே இல்லை. அவரிடம் கேட்க வேண்டியது வேறு: இந்த முக்கோணத்தை வைத்து இதுவரை சொல்லாத எதைச் சொல்லலாம்?

கட்ச் முறையை அப்படியே நகரத்துச் சனிக்கிழமை வகுப்பில் ஒட்ட முடியாது. அங்கே மாணவர்களுக்குப் பொதுவாக ஒரு மண்ணும் மரபும், வாங்க ஒரு சந்தையும் உண்டு. இங்கே பன்னிரண்டு அந்நியர்கள். அது மட்டுமில்லை, மரபு சிலரைக் கட்டிப்போடவும் செய்யும். அப்போது ஆல்பர்ஸின் மக்காச்சோள மணிகள்தான் அவிழ்த்துவிடும். அந்தப் பயிற்சிகளைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. வரிசையை மாற்றச் சொல்கிறேன். முதல் நாள் ஒவ்வொருவரும் தன் கையால் செய்த ஏதோ ஒன்றைக் கொண்டுவரட்டும்: ஒரு ஜாக்கெட், பின்னிய ஸ்வெட்டர், ஒட்டுப்போட்ட பை, ஒரு எக்ஸெல் ஷீட் ஆனாலும் சரி. அது எப்படிச் செய்யப்பட்டது என்று சொல்லட்டும். வாழைநார் நான்காவது வாரம் வரட்டும். தன்னிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்தான் அதைக் கொஞ்ச நேரம் கீழே வைக்க முடியும்.

போன மாதம் ஒரு சட்டையைப் பிடிக்கக் கொடுக்கும் சாக்கில் அக்கா வீட்டுக்குப் போனேன். ஏன் நின்றுவிட்டீர்கள் என்று கேட்டேன். மிஷினிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஓரம் பிரிஞ்சிடக்கூடாதுன்னு கை தானா மடிக்குது தம்பி. அதை எங்க கழட்டி வைக்க?" பிறகு என் சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்த்து, கடையில் தைத்தவன் தையலுக்குத் துணி விடாமல் மிச்சம்பிடித்திருக்கிறான் என்று விரலால் தொட்டுக் காட்டினார். எனக்குக் காட்டிய பிறகும் தெரியவில்லை. இன்னொரு தடவை காட்டினார்.

இந்தக் குறிப்பின் சுருக்கத்தை டீச்சருக்கு அனுப்பினேன். "யோசிக்கிறேன், அடுத்த பேட்ச் ஜூன்ல" என்று பதில் வந்தது. அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். வருவதாக இன்னும் சொல்லவில்லை.